வாய்க்குள் போகாத சாப்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு 36 வயது. பத்து வயது வரைக்கும் நான் சாப்பிட்டது மொத்தம் ஏழே பொருள்: கெட்டித் தயிர் சாதம், அப்பளம், வெறும் தோசை, சர்க்கரை போட்ட பால், உருளைக்கிழங்கு வறுவல், பொட்டுக்கடலை, ஒரே ஒரு வகை பிஸ்கட். இட்லி கிடையாது, சாம்பார் கிடையாது, எந்தப் பழமும் கிடையாது. இப்போது என் பையனுக்கு ஆறு வயது, அவனும் இதே மாதிரிதான். சொந்தக்காரர்கள், அவனோடு படிக்கும் குழந்தைகளின் அம்மாக்கள், இதே சிக்கலோடு வளர்ந்த பெரியவர்கள் என்று பல பேர் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்குத்தான் இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. இதோடு வாழ்கிறவள், பையனைக் கூட்டிக்கொண்டு மருத்துவர்களிடமும் தெரபிஸ்டுகளிடமும் அலைந்தவள், கிடைத்ததையெல்லாம் படித்தவள்.

இது அடம்தானே? செல்லம் கொடுத்ததால் வந்த பழக்கம்தானே?

இல்லை. அடம் பிடிக்கிற குழந்தைக்கு எதிரே ஓர் ஆள் வேண்டும், ஆள் போய்விட்டால் அடமும் போய்விடும். என் பையன் தனியாக உட்கார்ந்து வண்டி உருட்டிக்கொண்டிருக்கும்போது, தரையில் சிந்திக் கிடந்த குழம்பில் கை பட்டுவிட்டால் விளையாட்டை விட்டு ஓடிப்போய்க் கழுவிவிட்டு வருவான். அங்கே யாருக்குக் காட்டுவதற்காக அதைச் செய்கிறான்?

வளர்ப்பு சரியில்லை என்கிறவர்களுக்கு ஒரு தகவல். இங்கிலாந்தில் 8 முதல் 11 வயது வரையிலான ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இரட்டையர் ஜோடிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2007-ல் வெளியானது. புதிய உணவைக் கண்டு ஒதுங்கும் குணம் ஒரு குழந்தைக்கு அதிகமாகவும் இன்னொன்றுக்குக் குறைவாகவும் இருக்கிறதே, அந்த வித்தியாசத்தில் சுமார் 78 சதவீதம் மரபு வழியாக வருவது என்று அதில் தெரிந்தது. மரபு என்றால் மாற்றவே முடியாது என்று பொருள் இல்லை, எப்படி மாற்றலாம் என்று கீழே எழுதியிருக்கிறேன். ஆனால் என் அம்மா இருபது வருடம் கேட்ட பேச்சுக்கு இதுதான் பதில். அதே அம்மா, அதே அடுப்பு, அதே சமையல், என் அண்ணன் பாகற்காயைக்கூட கேட்டு வாங்கிச் சாப்பிடுவான்.

அப்படி வாயில் என்னதான் தெரிகிறது? எங்களுக்குப் புரியவே இல்லை.

நம் ஊரில் சுவை ஆறு என்று எண்ணி வைத்திருக்கிறோம். ஆனால் சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போது யாராவது ஆறோடு நிறுத்துகிறோமா? மொறுமொறு, கொழகொழ, வழவழ, சொதசொத, நறநற, பிசுபிசு என்று நாக்கிலும் பல்லிலும் படுவதற்கென்றே இத்தனை சொல் வைத்திருக்கிறோம். எனக்குச் சிக்கல் வருவது பெரும்பாலும் இந்தச் சொற்கள் சொல்லும் விஷயத்தில்தான். வெண்டைக்காயின் ருசி எனக்குப் பிடிக்கும், நன்றாகக் காய வறுத்துக் கொடுத்தால் ஒரு தட்டு சாப்பிடுவேன். அதே வெண்டைக்காய் சாம்பாரில் கொழகொழவென்று வந்து நாக்கில் பட்டால் தொண்டை தானாக மூடிக்கொள்கிறது. அந்தக் குமட்டலை நான் வரவழைப்பதில்லை. தொண்டையில் விரல் பட்டால் ஓங்கரிக்குமே, அதே அனிச்சைச் செயல்தான் இதுவும், மனசு வைத்து அடக்க முடியாது.

உப்புமா ஏன் பிடிக்காது என்று என்னிடம் கேட்காத ஆளில்லை. ரவை மெத்தென்று இருக்கிறது, வாய் அதற்குப் பழகிவிடுகிறது, அந்த நேரத்தில் திடீரென்று ஒரு கடலைப்பருப்பு கடக்கென்று கடிபடும், அடுத்த வாயில் கறிவேப்பிலை காகிதம் மாதிரி அண்ணத்தில் ஒட்டும், அதற்கடுத்த வாயில் மிளகாய். என்ன வரும் என்று தெரியாமல் ஒவ்வொரு வாயும் சாப்பிட வேண்டும். தயிர் சாதத்தில் மாதுளையும் திராட்சையும் போட்டு அலங்காரம் செய்வார்களே, அதுவும் இப்படித்தான், எனக்கு நிம்மதி தருகிற ஒரே சாப்பாட்டைக் கொண்டுபோய் கண்ணிவெடி வைத்த மாதிரி. தக்காளித் தோல் சுருண்டு குழம்பில் மிதப்பது, புளிக்குழம்பில் வெந்து கரைந்த கத்தரிக்காய், பாலில் படியும் ஆடை, இட்லி ஆறினதும் அதன் மேல் வரும் ஈரம். பட்டியல் நீளமானது, ஆனால் ஓர் ஒழுங்கு இருக்கிறது: ஒரே வாயில் இரண்டு விதமாகத் தட்டுப்படுவதும், வழுக்குவதும் என்னால் முடியாது.

அப்புறம் மூக்கு. நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பகுதி மணம்தான், மெல்லும்போது வாயின் பின்பக்கமாக மூக்குக்குப் போகும் மணம். அதனால் பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தால் என் தட்டில் இருக்கிற தயிர் சாதமும் எனக்குக் கெட்டுவிடும்.

வீட்டுச் சாப்பாடு வேண்டாம், பாக்கெட் பிஸ்கட் மட்டும் வேண்டும் என்கிறான். அது ருசிக்கு அடிமையாவது இல்லையா?

உப்பும் சர்க்கரையும் இழுக்கும், மறுக்கவில்லை. ஆனால் இன்னொரு காரணத்தை யாரும் யோசிப்பதில்லை. பிஸ்கட் இன்றைக்கும் நாளைக்கும் அடுத்த வருடமும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே சத்தத்தோடு உடையும். வீட்டுச் சாப்பாடு அப்படி இல்லை. அரிசி மாறும், உறை ஊற்றிய நேரம் மாறித் தயிர் கூடக் கொஞ்சம் புளிக்கும், அம்மா செய்தால் ஒரு கை, பாட்டி செய்தால் ஒரு கை. மற்றவர்களுக்கு அந்த மாற்றம் தெரியவே தெரியாது, அல்லது அதுதான் பிடிக்கும். கூர்மையான வாய்க்கு அது ஒவ்வொரு நாளும் புதுச் சாப்பாடு. பிஸ்கட்டைப் பிடுங்குவதைவிட வீட்டில் செய்யும் இரண்டு பொருளையாவது அச்சில் வார்த்த மாதிரி ஒரே விதமாகச் செய்து தருவது அதிகப் பலன் தந்தது எங்கள் வீட்டில்.

ஒரே காய் ஒருவருக்குக் கசக்கிறது, இன்னொருவருக்குக் கசக்கவில்லை என்பது உண்மையா?

உண்மை. 1931-ல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் ஆய்வுக்கூடத்தில் ஃபீனைல் தயோகார்பமைடு என்ற பொடியைக் கையாண்டபோது அது காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் கசக்கிறது என்று புகார் சொன்னார், ஃபாக்ஸ் நாக்கில் வைத்துப் பார்த்தும் ஒன்றுமே தெரியவில்லை. இரண்டு பேரும் சொன்னது உண்மைதான். இந்தக் கசப்பை உணர்வதில் பெரிய பங்கு டாஸ்2ஆர்38 என்ற ஒரு மரபணுவுக்கு இருக்கிறது என்று 2003-ல் கண்டுபிடித்தார்கள். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி குடும்பத்துக் காய்களில் இதே வகைக் கசப்பு உண்டு. கோஸ் பொரியல் கசக்கிறது என்று உங்கள் பிள்ளை சொன்னால், உங்கள் நாக்கை வைத்து அதைப் பொய் என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

கொத்தமல்லித் தழை சோப்பு மாதிரி இருக்கிறது என்கிறாள் என் பெண்.

அப்படி உணர்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், நம் பக்கத்தில் குறைவு. மணத்தை உணரும் ஒரு மரபணுவோடு அதற்குத் தொடர்பு உண்டு. விட்டுவிடுங்கள், கொத்தமல்லி இல்லாமல் ரசம் வைக்கலாம்.

எல்லாக் குழந்தையும் இரண்டு மூன்று வயதில் இப்படித்தானே? எப்போது கவலைப்பட வேண்டும்?

ஆமாம், ஏறத்தாழ இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை புதிய சாப்பாட்டைச் சந்தேகமாகப் பார்ப்பது மிகச் சாதாரணம். நடக்கத் தொடங்கி எதையும் எடுத்து வாயில் போட வாய்ப்புள்ள வயதில் தெரியாததைத் தின்னாமல் இருப்பது ஒரு பாதுகாப்பு. பெரும்பாலான குழந்தைகள் தானாக வெளியே வந்துவிடுவார்கள்.

என் பையன் விஷயத்தில் எனக்கு மணி அடித்தது எப்போது என்றால், சாப்பிட்டுக்கொண்டிருந்த பொருள்கள் ஒவ்வொன்றாகக் கழன்று போய்த் திரும்பி வராதபோது. மற்றக் குழந்தைகளும் ஒரு சாப்பாட்டில் சலித்து நிறுத்துவார்கள், ஆனால் இரண்டு வாரம் கழித்து மறுபடி தொடுவார்கள். இவன் தொடவில்லை. மொத்தமாகச் சாப்பிடும் பொருள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள், தெரபிஸ்டுகள் பலர் 20-க்குக் கீழே போனால் கவனிக்கச் சொல்கிறார்கள். எடை ஏறாமல் நிற்பது, காய் அல்லது பருப்பு என்று ஒரு வகை முழுதாகவே இல்லாமல் போவது, சாப்பாட்டு நேரம் தினமும் அழுகையில் முடிவது, பக்கத்தில் ஒருவர் சாப்பிடுவதைப் பார்த்தாலே குமட்டுவது, இதெல்லாம் இருந்தால் வயது போகட்டும் என்று காத்திருக்காதீர்கள். விழுங்கும்போது இருமல், புரையேறுதல், தொண்டையில் அடைக்கிறது என்று சொல்வது இருந்தால் உடனே போக வேண்டும், அது வேறு மாதிரிச் சிக்கலாக இருக்கலாம்.

ஆர்ஃபிட் என்கிறார்களே, அது என்ன?

சாப்பாட்டைத் தவிர்ப்பதும் சுருக்கிக்கொள்வதும் நோய் அளவுக்குப் போகும்போது வைக்கிற பெயர். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் வெளியிட்ட டி.எஸ்.எம்-5 கையேட்டில் இந்தப் பெயர் முதன்முதலாக வந்தது, உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-11 என்ற நோய்ப் பட்டியலிலும் இப்போது இருக்கிறது. மூன்று வழியில் வரலாம்: பசியும் ஆர்வமுமே இல்லாமை, தொடுவுணர்வு, மணம், ருசி இவற்றைத் தாங்க முடியாமை, புரையேறிவிடும் வாந்தி வந்துவிடும் என்ற பயம். ஒருவருக்கே இரண்டு மூன்று சேர்ந்தும் இருக்கும். இதில் உடம்பு மெலிய வேண்டும் என்ற எண்ணம் இல்லை, அதுதான் மற்ற உணவுக் கோளாறுகளிலிருந்து முக்கியமான வேறுபாடு. விரதம் இருப்பதும் சாப்பாடு கிடைக்காமல் இருப்பதும் இதில் சேராது. ஒல்லியாக இருந்தால்தான் இது என்றும் இல்லை, எடை சரியாக இருந்து ரத்தத்தில் சத்துக் குறைந்தவர்களும், சாப்பாட்டுக்குப் பயந்து எங்குமே போகாமல் ஒதுங்கியவர்களும் இதில் அடக்கம்.

அப்படியானால் என் குழந்தைக்கு ஆட்டிசம் இருக்கிறதா?

சாப்பாட்டை வைத்து மட்டும் அப்படிச் சொல்ல முடியாது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு உணவுச் சிக்கல் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பது உண்மை, ஒலி, ஒளி, தொடுதல் போன்றவற்றை மிகையாக உணர்வதும் 2013 முதல் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் எனக்கு ஆட்டிசம் இல்லை, என்னைப் போல நிறையப் பேர் உண்டு. பேச்சு, பழகும் விதம், விளையாட்டு இவற்றிலும் சந்தேகம் இருந்தால் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயர் வந்தாலும் அது யாருடைய குற்றமும் இல்லை.

பசித்தால் தானாகச் சாப்பிடும், ஒருநாள் பட்டினி போடு என்கிறார் மாமியார்.

சாதாரணமாகக் கொறிக்கும் பிள்ளைக்கு, நடுநடுவே தின்பண்டம் தராமல் நல்ல பசியோடு உட்கார வைப்பது உதவும். அதற்குமேல் அந்த வைத்தியம் எங்களுக்கு வேலை செய்யாது. உங்களுக்கு எவ்வளவு பசித்தாலும் மண்ணை அள்ளித் தின்ன முடியுமா? என் வாய்க்குக் குழைந்த கத்தரிக்காய் அந்த வரிசையில்தான் இருக்கிறது.

கல்லூரி விடுதியில் முதல் ஆறு மாதம் எனக்கு இப்படித்தான் போனது. அந்த மெஸ்ஸில் எல்லாமே கலந்த சாதம், கூட்டு, குருமா. பசி காதை அடைக்கும், தட்டை வாங்கிக்கொண்டு உட்காருவேன், இரண்டு வாய் போனதும் ஓங்கரிக்கும், எழுந்து போய்விடுவேன். பிஸ்கட்டும் டீயுமாக ஓட்டி ஒன்பது கிலோ குறைந்து வீட்டுக்கு வந்தேன். பசி இருந்தது, சாப்பாடும் இருந்தது, ஆனாலும் முடியவில்லை. சில குழந்தைகள் தண்ணீரையும் சேர்த்து நிறுத்திவிடுவார்கள், ஆஸ்பத்திரியில் சேர்க்கும் நிலைமை வரும். தயவுசெய்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

எத்தனை பேர் சோறில்லாமல் இருக்கிறார்கள், உனக்கு இது வேண்டாம் அது வேண்டாமா என்று கேட்டால் என்ன சொல்வது?

இது என்னை உள்ளே உறுத்திய கேள்வி. பதினைந்து வயதில் எனக்கு என்மேலேயே வெறுப்பு வந்ததற்கு இதுதான் காரணம். சோற்றின் அருமை எனக்குத் தெரியும். நான் ஒதுக்குவது சோற்றை அவமதிக்க இல்லை. இப்படியான குழந்தை வசதி இல்லாத வீட்டிலும் பிறக்கும், இருக்கிற வீட்டிலும் பிறக்கும், இல்லாத வீட்டில் பிறந்தால் அந்த அம்மாவுக்கு இரட்டைப் பாரம், ஏனென்றால் சாப்பிடுமோ சாப்பிடாதோ என்று தெரியாத ஒன்றை வாங்கிப் பார்க்க அவரிடம் காசு இருக்காது. அதனால் பழக்கும்போது சுண்டுவிரல் நுனி அளவு மட்டும் வையுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன். வீணாகாது, குழந்தைக்கும் மலைப்பாக இருக்காது.

தெரியாமல் கலந்து கொடுத்துவிடலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் நீங்கள் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

எனக்கு ஒன்பது வயதில் ரத்தம் குறைவு என்று பள்ளியில் வந்து பரிசோதித்தவர்கள் சொன்னார்கள். அம்மா பயந்துபோய் முருங்கைக்கீரையை நைசாக அரைத்து, வடிகட்டி, தோசை மாவில் கொஞ்சமாகக் கலந்தார். நிறம் தெரியக்கூடாது என்று மேலே நிறைய எண்ணெய் விட்டு முறுகலாகச் சுட்டார். இரண்டாவது விள்ளலில் எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து இரண்டு வருடம் நான் தோசை தொடவில்லை. கீரை இல்லாத தோசையையும்தான். என் கண்ணுக்கு எதிரில் மாவு அரைத்துக் காட்டினாலும் நம்பிக்கை வரவில்லை. ஏழில் ஒன்று போய் ஆறானது. அம்மா மேல் இன்றைக்கும் எனக்கு வருத்தமில்லை, அவர் செய்தது பயத்தில். ஆனால் நடந்தது என்னவென்று நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

குழந்தை பயமில்லாமல் சாப்பிடும் பொருளுக்கு எங்கள் வீட்டில் ‘நம்பின சாப்பாடு’ என்று பெயர் வைத்திருக்கிறோம். அதில் கை வைக்கக் கூடாது. மருந்தையும் அதில் கலக்கக் கூடாது, மாத்திரையைப் பொடித்துப் பாலில் போட்டு, மருந்தும் போய்ப் பாலும் போன வீடுகள் எனக்குத் தெரியும். கலக்க வேண்டுமென்றால் சொல்லிவிட்டுக் கலக்கலாம். “இந்த ஒரு தோசையில் மட்டும் ஒரு ஸ்பூன் கேழ்வரகு மாவு இருக்கிறது, நிறம் மாறியிருக்கும், வேண்டுமென்றால் தொட்டுப் பார், இல்லையென்றால் வெள்ளைத் தோசை இதோ” என்று இரண்டையும் பக்கத்தில் வைப்பேன். பையன் ஐந்தாறு முறை வேண்டாம் என்றான். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ ஓரத்தைக் கிள்ளினான்.

போனைக் காட்டி ஊட்டினால் சாப்பிடுகிறானே?

உள்ளே போகிறது, ஆனால் என்ன சாப்பிட்டோம் என்று அவனுக்கே தெரியாது. பார்த்து, தொட்டு, மணத்தை உணர்ந்து பழகுவதுதான் இங்கே வேலையே, போன் அது எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறது. மெல்ல மெல்லக் குறைக்கலாம், ஒரே நாளில் பிடுங்க வேண்டியதில்லை.

சரி, புதிய சாப்பாட்டை எப்படித்தான் பழக்குவது?

இருக்கிறதிலிருந்து ஒரு சின்ன அடி மட்டும் தள்ளி வையுங்கள். உணவுச் சங்கிலி என்பார்கள். எங்கள் பையன் கடையில் வாங்கும் உருளைக்கிழங்கு சிப்ஸ் மட்டும் சாப்பிட்டான். அதிலிருந்து அதே கனத்தில் நேந்திரங்காய் சிப்ஸ், அப்புறம் வீட்டில் சீவிப் பொரித்த வாழைக்காய், அப்புறம் கொஞ்சம் கனமாக, கடைசியில் தோசைக்கல்லில் எண்ணெய் விட்டுச் சுட்ட வாழைக்காய் வறுவல். ஐந்து மாதம் ஆனது. நடுவில் மூன்று வாரம் ஒன்றுமே நகரவில்லை, அம்மை போட்டு எழுந்த பிறகு இரண்டு படி பின்னால் போனோம். முட்டையும் இப்படித்தான் வந்தது, காகிதம் போல மெல்லிசாக ஓரம் முறுகிய ஆம்லெட்டாக மட்டும். அவித்த முட்டையின் வழவழப்பு அவனுக்கு இன்னும் ஆகாது, நானும் அதை வற்புறுத்துவதில்லை, ஆம்லெட்டிலும் அதே சத்துதானே.

சாப்பிடுவதற்கு முன்னால் நிறையப் படிகள் உண்டு என்பதை நான் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். அந்தப் பொருள் மேசையில் இருப்பதைத் தாங்குவது ஒரு படி. தன் தட்டில் ஓரமாக இருப்பதைத் தாங்குவது இன்னொன்று. பிறகு விரலால் தொடுவது, முகர்வது, உதட்டில் வைப்பது, நக்குவது, கடித்துத் துப்புவது. துப்பலாம் என்ற அனுமதி மிக முக்கியம். நம் வீடுகளில் சோற்றைத் துப்புவது பெரிய தப்பு, அதனால் குழந்தைக்கு வாயில் வைத்துப் பார்க்கும் தைரியமே வராது, ஏனென்றால் வைத்தால் விழுங்கியாக வேண்டும். நாங்கள் ஒரு சின்னக் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்தோம், பிடிக்கவில்லையென்றால் அதில் போட்டுவிடலாம், யாரும் எதுவும் சொல்லமாட்டோம். அந்தக் கிண்ணம் வந்த பிறகுதான் அவன் வாய் திறந்தான்.

ஒரு குழந்தை ஒரு புதிய பொருளை ஏற்க எட்டு முதல் பதினைந்து முறை வரை அதைச் சந்திக்க வேண்டியிருக்கும் என்று ஆய்வுகளில் வருகிறது, உணர்வு கூர்மையான குழந்தைக்கு இன்னும் கூடுதலாகவும் ஆகும். பெரும்பாலான வீடுகளில் மூன்றாவது முறையே “இவனுக்கு இது பிடிக்காது” என்று முடித்துவிடுகிறோம்.

எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் சொன்ன வேலைப் பிரிவினை எனக்கு நிம்மதி தந்தது. என்ன, எப்போது, எங்கே என்பது பெரியவர் பொறுப்பு. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு. ஒவ்வொரு வேளையிலும் நம்பின சாப்பாடு ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும், அது இருந்தால் இது நடக்கும். இன்னொன்று, தடுப்பு வைத்த எவர்சில்வர் தட்டு வாங்குங்கள். ஒன்றோடொன்று ஒட்டாமல் இருந்தாலே பாதிச் சண்டை போய்விடும்.

தயிர் சாதம் மட்டும் சாப்பிட்டால் சத்து போதுமா?

போதாது, ஆனால் நினைக்கிற அளவுக்கு மோசமும் இல்லை. தயிரில் கால்சியம், புரதம், பி12 கிடைக்கும். இரும்பும் வைட்டமின் சி-யும் கிடைக்காது. அந்த இரண்டையும் எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். பால் நல்லது என்று லிட்டர் கணக்கில் கொடுப்பது கூடாது, ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் போனால் வயிற்றை அடைத்து இரும்புச் சத்தையும் குறைத்துவிடும். சாப்பாட்டோடு டீ வேண்டாம், அது இரும்பு சேர்வதைத் தடுக்கும். இரும்பு குறைந்தால் பசி இன்னும் மந்தமாகும், பசி மந்தமானால் சாப்பாடு இன்னும் சுருங்கும். அதனால் ரத்தத்தில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் சேர்த்து வைத்திருக்கும் இரும்பைக் காட்டுவது), பி12, வைட்டமின் டி பார்த்துக்கொள்வது நல்லது. இரும்பு சிரப்பின் உலோக வாடை ஒத்துக்கொள்ளாவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள், வேறு வடிவம் உண்டு. ஈறில் ரத்தம் வருவது, கால் வலிக்கிறது என்று நடக்க மறுப்பது இரண்டும் வைட்டமின் சி குறைந்ததன் அடையாளமாக இருக்கலாம்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சம்பவம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் ஒரு பையன் சிறு வயதிலிருந்தே பொரித்த உருளைக்கிழங்கு, சிப்ஸ், வெள்ளை ரொட்டி, பதப்படுத்திய இறைச்சி மட்டும் சாப்பிட்டு, 17 வயதுக்குள் பார்வையை இழந்ததை 2019-ல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். மற்ற உணவுகளின் தொடுவுணர்வு தாங்க முடியாது என்றுதான் அவனும் சொல்லியிருந்தான். எடை சாதாரணமாகவே இருந்தது, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 14 வயதில் பி12 குறைவு தெரிந்து ஊசி போட்டார்கள், தொடரவில்லை. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. உடம்பு பார்க்க நன்றாக இருக்கிறது என்று பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

கடையில் பசி மருந்து சிரப் தருகிறார்களே?

பலவற்றில் இருப்பது சைப்ரோஹெப்டடின், அடிப்படையில் ஒவ்வாமைக்கான மருந்து, பசியைக் கூட்டும், தூக்கமும் வரும். மருத்துவர் எழுதித் தந்தால் சரி, நீங்களாக வாங்க வேண்டாம். பசி கூடினாலும் வெண்டைக்காயின் கொழகொழப்பு குறையப் போவதில்லை.

யாரிடம் போவது?

முதலில் குழந்தை மருத்துவர். மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், பெரிதான டான்சில், சொத்தைப் பல், ஒவ்வாமை, இவையெல்லாம் சாப்பாட்டை வெறுக்க வைக்கும், முதலில் அவற்றைப் பார்க்க வேண்டும். அப்புறம் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது தொடுவுணர்வுச் சிக்கலுக்கும் அன்றாட வேலைகளுக்கும் பயிற்சி தருகிறவர், மெல்லுவதிலும் விழுங்குவதிலும் சிக்கல் என்றால் ஸ்பீச் தெரபிஸ்ட். அரசு மருத்துவமனைகளில் டி.இ.ஐ.சி. என்று கேளுங்கள், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம், 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் வருவது. சென்னைப் பக்கம் இருப்பவர்கள் முட்டுக்காட்டில் உள்ள நிப்மெட் என்ற மத்திய அரசு நிறுவனத்துக்கும் போகலாம், குழந்தையின் வளர்ச்சியிலும் சந்தேகம் இருந்தால் முக்கியமாக. வாயைப் பிடித்துத் திறந்து ஊட்டச் சொல்கிற இடம் எதுவாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். நான் அப்படி ஓர் இடத்திலிருந்து வந்தேன், பையன் அதற்குப் பிறகு ஸ்பூனைக் கண்டாலே ஒரு மாதம் அழுதான்.

பள்ளியில் என்ன சொல்வது?

ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: என்னென்ன சாப்பிடுவான், மீதியிருந்தால் திட்ட வேண்டாம், மற்றவர் தட்டிலிருந்து ஊட்ட வேண்டாம். டப்பாவைக் காலி செய்தவர்களுக்கு ஸ்டார் ஒட்டும் வகுப்பு என்றால் தனியாகப் பேசுங்கள். சத்துணவில் முட்டை சாப்பிடாத குழந்தைக்கு வாழைப்பழம் கொடுக்கும் வழக்கம் நம் அரசுப் பள்ளிகளில் பல வருடமாக இருக்கிறது. சாப்பிட முடியாததற்கு மாற்று தருவது நமக்குப் புதிதில்லை, அதைச் சொல்லியே கேட்கலாம்.

கல்யாண வீடு, உறவுக்காரர் வீடு?

பந்திதான் எனக்கு இன்றைக்கும் கடினம். நான் சாப்பிடும் தயிர் சாதம் கடைசியில்தான் வரும், அதற்குள் இலையில் பச்சடி, கூட்டு, சாம்பார், ரசம் எல்லாம் ஓடிக் கலந்திருக்கும். பரிமாறுகிறவர் கை வேகத்துக்கு வேண்டாம் என்று சொல்லவே நேரமிருக்காது. நான் செய்வது: வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவேன், வரிசையின் ஓரத்தில் உட்காருவேன், இலையின் ஒரு பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு அப்பளமும் சிப்ஸும் வெறும் சாதமும் மட்டும் வாங்குவேன், தயிர் வரும்வரை பேசிக்கொண்டிருப்பேன். பையனுக்குக் கையோடு டப்பா. யாராவது ஏதாவது சொன்னால், “அவன் வயிற்றுக்கு ஒத்துக்காது” என்று முடித்துவிடுவேன், வயிறு என்றால் எல்லோருக்கும் புரிகிறது.

உறவுக்காரர் வீட்டில் கை நனைக்காமல் கிளம்பினால் மனசு வருத்தப்படுவார்கள். அது அன்பு, அதை மறுக்கக் கூடாது. முன்கூட்டியே போனில், “அத்தை, எனக்குத் தோசை மட்டும் சுட்டுத் தாங்க, உங்க கைத் தோசைதான் வேணும்” என்று கேட்டுவிடுகிறேன். கேட்டுச் சாப்பிட்டால் அவர்களுக்கும் சந்தோஷம்.

பெரியவர்களுக்கு இது குணமாகுமா?

எனக்கு இப்போது நாற்பது பொருளுக்கு மேல் ஆகிறது. கல்லூரி முடித்து, தனியாக வீடெடுத்து, யாரும் பார்க்காத சமையலறையில் நானே செய்து நானே ருசி பார்த்தபோதுதான் பாதி வந்தது. இட்லி 24 வயதில், சுடச்சுட மட்டும். சாம்பார் தெளிவாக மேலே நிற்பது மட்டும், காய் இல்லாமல். கத்தரிக்காய் வரவில்லை, வரவேண்டும் என்று நான் முயல்வதையும் நிறுத்திவிட்டேன். சோர்வாக இருக்கும் நாளிலும் காய்ச்சலிலும் பட்டியல் மறுபடி ஏழுக்குச் சுருங்கும், அன்றைக்குத் தயிர் சாதம் சாப்பிட்டுப் படுத்துவிடுவேன். பயம் அதிகமாக இருப்பவர்களுக்கு மனநல நிபுணரின் பேச்சு சிகிச்சை உதவும், அது குழந்தைகளுக்கு மட்டுமானது இல்லை.

கல்யாணம் பேசும்போது இதைச் சொல்ல வேண்டுமா?

சொல்லுங்கள். நான் சொன்னேன். சொல்லாமல் போய் முதல் நாள் மறுவீட்டு விருந்தில் ஓங்கரித்து, அந்த வீட்டுச் சமையலைக் குறை சொன்னதாகப் பேச்சு வந்த பெண்ணை எனக்குத் தெரியும், அதைச் சரிசெய்ய அவளுக்கு வருடங்கள் ஆகின. மாப்பிள்ளையாக வந்தவரிடம் நான் என் பட்டியலை அப்படியே ஒப்பித்தேன், என்ன சாப்பிடுவேன், எது பக்கத்தில் இருந்தால் எழுந்து போவேன் என்று. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தயிர் புளித்திருக்க வேண்டுமா, புளிக்காமல் இருக்க வேண்டுமா என்று கேட்டார். புளிக்கக் கூடாது என்றேன். எங்கள் வீட்டில் இன்றைக்கும் ராத்திரி உறை ஊற்றுவது அவர்தான்.